உஷார்! மலையில் புல் காய்ந்துவிட்டது

மாசி பிறந்தால் போதும், ஆண்டிபட்டி பேருந்து நிலையத்தில் சனிக்கிழமை காலைகளில் ஒரு புதுக் கூட்டம் தெரியும். முதுகில் பெரிய பை, காலில் விலை உயர்ந்த ஷூ, கையில் போன். வருசநாட்டு வண்டி எத்தனை மணிக்கு, கோம்பைத்தொழு வண்டி எங்கே நிற்கும் என்று விசாரிப்பார்கள். 2023 ஜூனிலிருந்து சென்னை–போடி ரயில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடுவதால், ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மலை நிற்கிறது. வரட்டும். டீக்கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் நல்லதுதான். ஆனால் அவர்களில் எத்தனை பேரிடம் மலையேற வனத்துறையின் அனுமதிச் சீட்டு இருக்கிறது?

கீழே இருந்து பார்க்கும்போது வெயிலில் பொன்னாக மினுங்குகிற சரிவுகளைத்தான் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் பொன் முழுக்கக் காய்ந்த புல். ஆளை மறைக்கிற உயரம். பங்குனி வெயிலில் அதற்கு ஒரு பீடித்துண்டு போதும்.

குரங்கணியை மறந்துவிட்டோமா? 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து வந்த ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து வந்த இன்னொரு குழு. முதல் நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, இரவு தங்கி, மறுநாள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இளவயதினர், பெண்கள் நிறைய. வழியில் தீ மடக்கிவிட்டது. புகையில் பாதை தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. முதலில் மேலே ஏறிப்போய்த் தூக்கிவந்தவர்களில் குரங்கணி ஊர்க்காரர்கள் இருந்தார்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. இருட்டிவிட்ட மலையில் ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மருத்துவமனையில் நாள் கடந்து இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. அவர்களுக்கு டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்று வனத்துறை பிறகு சொன்னது. ஏறியவர்களில் எத்தனை பேருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்? கூட்டிப்போகிறவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் பணம் கட்டுகிறோம்.

தீயைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சமதரையில் எரியும் நெருப்பு வேறு, சரிவில் எரியும் நெருப்பு வேறு. சரிவில் சுடர் மேல்பக்கம் சாய்ந்து, அடுத்த புல்லை முன்கூட்டியே வறுத்து வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு. முப்பது டிகிரிச் சரிவு என்றால் எட்டு மடங்கு. மூச்சிரைக்க மேலே ஓடுகிற ஆளைத் தீ நிதானமாகவே பிடித்துவிடும். அதனால் புகையைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். இரண்டு சரிவுகளுக்கு நடுவில் இருக்கும் ஒடுக்கமான ஓடைக்குள் ஒளியவும் கூடாது. காற்று அதற்குள் தீயைப் புகைபோக்கியில் போவதுபோல இழுத்துக்கொண்டு போகும். வெறும் பாறை, புல் இல்லாத மண், ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருந்தரை, வனத்துறை வெட்டிவைத்த தீத்தடுப்புக் கோடு, இவைதான் புகலிடம். பக்கவாட்டில் நகர்ந்து அங்கே போய்ச் சேருங்கள். உடம்பில் பருத்தித் துணி இருக்கட்டும். விளம்பரத்தில் வருகிற வழுக்கு நைலான் சட்டை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, தீக்காலம் முடிந்து மழை வந்துவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறீர்களா? அப்போது அடுத்தது கிளம்பும்.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஆன்டிலோப் கேன்யன் என்று ஒரு மணற்பாறை இடுக்கு இருக்கிறது. உலகமே போய்ப் படம் எடுக்கிற இடம். 1997 ஆகஸ்டில் அங்கே 11 பேர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழையே இல்லை. பல மைல் தள்ளிப் பெய்த மழை அந்த இடுக்கு வழியாக வந்து சேர்ந்தது. ஜோர்டானின் பழைய பெட்ரா நகரத்துக்குப் போகிற பாறை இடுக்கிலும் 1963-ல் இதே கதை. இறந்தவர்கள் பிரெஞ்சுப் பயணிகள்.

பாலைவனத்துக் கதை நமக்கெதற்கு என்று தள்ளாதீர்கள். கும்பக்கரை அருவிக்கு வருகிற தண்ணீர் கொடைக்கானல் மலையில் பெய்தது. பெரியகுளத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அருவியில் வெள்ளம் பாயும். வனத்துறை அடிக்கடி குளிக்கத் தடை போடுவது அதனால்தான். கோம்பைத்தொழுவுக்கு மேலே இருக்கிற சின்னச் சுருளியும் அப்படியே, மேகமலையில் பெய்தால் இங்கே இறங்கும். மூல வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதைப் பார்த்து அதில் கூடாரம் போடுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இருந்து உறுமல் மாதிரிச் சத்தம் கேட்டாலோ செருப்பைத் தேடாதீர்கள், பையை எடுக்காதீர்கள், கரையேறுங்கள்.

சதுரகிரி மலைக்கோயிலுக்கு வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறையிலிருந்து ஒரு பழைய பாதை உண்டு. தாத்தா காலத்தில் ஆண்டிபட்டி ஆட்கள் கட்டுச்சோற்றோடு போய்வந்த பாதைதான். அந்தத் தாத்தா காட்டை அறிந்தவர், கூட்டத்தோடு போனவர். இப்போது அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் காடு, 2021-ல் அறிவிக்கப்பட்டது. யானை இருக்கிறது, கரடி இருக்கிறது, தடம் பல இடங்களில் புதருக்குள் போய்விடுகிறது. அதே கோயிலுக்குத் தாணிப்பாறைப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் ஏறுகிற பாதையிலேயே 2015 மே மாதத்தில் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். ஆளே போகாத பாதையில் சிக்கினால் தேடி வருவதற்குக்கூட ஒருவருக்கும் தெரியாது.

இடிபாடுகளைத் தேடி வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சிதைந்த கற்சுவர்கள், சுற்றிலும் புல்மேடு, கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரியும். பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும்தான். அன்று இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து காவல், தண்ணீர், மருத்துவம் எல்லாம் ஏற்பாடு செய்கின்றன. மற்ற நாளில் அங்கே காலை வைத்தால் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் அத்துமீறியவர் ஆவீர்கள்; வனச் சட்டத்தில் சிறை உண்டு. இதே மாதிரி கொட்டகுடிப் பக்கம் பழைய ரோப்வேயின் மிச்சங்களைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியே இங்கேதான் இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அதைச் சுமந்துவந்த குட்டி ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இரும்புத் தண்டவாளமே நிற்காத மலை அது.

மலையேறவே கூடாதா என்றால், தாராளமாக ஏறலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு, எளிது முதல் கடினம் வரை தரம் பிரித்த பட்டியல், கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். தேனி மாவட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு, சின்னச் சுருளி–தென்றல் பாதைகள் அதில் இருக்கின்றன. தீக்காலத்தில் இந்தப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடியிருக்கும் நேரத்தில் “நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், செக்போஸ்ட்ல பேசிக்கலாம்” என்று ஒருவர் வாட்ஸாப்பில் கூப்பிடுகிறார் என்றால், அவர் எந்த மாதத்தில் கூப்பிடுகிறார் என்று காலண்டரைப் பாருங்கள்.

கூட்டிப்போகிறவரிடம் கேளுங்கள். அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கும் பாதையும் நாம் போகப்போகிற பாதையும் ஒன்றுதானா? வழிகாட்டி எந்த ஊர்க்காரர், தீ வந்தால் எந்தப் பக்கம் இறக்குவார்? போனில் சிக்னல் இல்லாத இடங்கள் எவை? நாம் எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது கீழே யாரிடம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது? “அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் ப்ரோ” என்று பதில் வந்தால், கட்டிய முன்பணம் போனால் போகட்டும், பையை இறக்கி வைத்துவிடுங்கள்.