ஒரு கடுக்காய்... அஞ்சு டிபார்ட்மென்ட்!

'ஃபார்மஸியா? அப்ப கடைசியில மெடிக்கல் ஷாப்தானா?' - பி.ஃபார்ம். சேர்ந்த யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. சேர்ந்த பிறகு அடுத்த குழப்பம். ஃபார்மக்காலஜி, ஃபார்மக்காக்னஸி, ஃபார்மசூட்டிக்ஸ்... எல்லாமே காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். எது எதுக்கு?

ஈஸியா புரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் கிடைக்கிற கடுக்காய் ஒண்ணைக் கையில எடுத்துக்குங்க. அது மாத்திரையா மாறணும்னா என்னென்ன வாசல் தாண்டணும்?

ஃபார்மக்காக்னஸி: 'இது நிஜமாவே கடுக்காய்தானா?' என்பதுதான் இங்கே முதல் கேள்வி. முழுக்காயைப் பார்த்தா பாட்டியே சொல்லிடுவாங்க. பொடியாகிட்டா? மைக்ரோஸ்கோப்தான் சொல்லணும்.

ஃபார்மசூட்டிக்கல் கெமிஸ்ட்ரி: கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டேனின். தோல் பதனிடவும் இதேதான் உதவுது. அதிலிருந்து செபுலாஜிக், செபுலினிக் அமிலங்களைப் பிரிச்செடுக்கிறது இவங்க வேலை.

ஃபார்மக்காலஜி: உள்ளே போனா உடம்பில் என்ன நடக்கும்? எந்த அளவு வரை மருந்து, எதுக்கு மேல விஷம்? விலங்குகளில் சோதிக்கணும்னா நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம்.

ஃபார்மசூட்டிக்ஸ்: மாத்திரையா, சிரப்பா, கேப்ஸ்யூலா? துவர்ப்பை எப்படி மறைக்கிறது, எத்தனை நிமிஷத்தில் கரையணும்... எல்லாம் இங்கே முடிவாகும்.

ஃபார்மஸி பிராக்டிஸ்: லேபை விட்டு வார்டுக்கு வர்ற துறை. நோயாளிக்கு எந்த மருந்தோட எது சேரக் கூடாதுன்னு பார்க்கிறாங்க. 2008-ல் இந்தியாவுக்கு வந்த ஆறு வருஷ ஃபார்ம்.டி. படிப்பு இதை நம்பித்தான்.

'சரி, இதெல்லாம் பரீட்சைக்குத்தானே?' என்கிறீர்களா?

2024 ஜூனை நினைச்சுப் பாருங்க. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலம்தான். மாற்றத்தின் முதல் படியிலேயே நொதியைத் தடுக்கிற மருந்து, ஃபோமிபிசோல். எந்த நொதியைத் தடுக்கணும்னு சொல்றது ஃபார்மக்காலஜி. சாராயத்தில் மெத்தனால் எவ்வளவுன்னு காட்டுறது அனாலிசிஸ் லேபின் காஸ் குரோமட்டோகிராஃபி. அந்த மருந்து அவசரத்துக்குக் கையில் இருக்கணும்னு கவலைப்பட வேண்டியவர், ஆஸ்பத்திரி ஃபார்மசிஸ்ட். நேரம் தவறினா பார்வையும் போகும், உயிரும் போகும். இப்ப சொல்லுங்க, இது வெறும் மெடிக்கல் ஷாப் படிப்பா?

மூலிகையில் ப்ராஜெக்ட் பண்ணப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. எந்தச் செடி எதுக்குன்னு கல்வராயன் மலையாளி பழங்குடி மக்கள் சொல்லிக் கொடுத்தா, அதை உங்க கண்டுபிடிப்பா எழுதாதீங்க. அறிவு தந்தவங்களுக்குப் பலனிலும் பங்கு வேணும் என்பதுதான் 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் அடிப்படை.

பி.ஃபார்ம். சேர ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படிச்சிருக்கணும். சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு இருக்கு. சேர்ந்ததும் அஞ்சு துறை லேபையும் ஒரு ரவுண்ட் பார்த்துடுங்க. எம்.ஃபார்ம்.மில் எந்தக் கதவைத் தட்டுறதுன்னு அப்பவே பிடிபட ஆரம்பிச்சிடும்!