விண்டோஸ் 11-க்கு மாறியதும் லேப்டாப் மந்தமா? முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, ‘எதற்கு வம்பு’ என்று விண்டோஸ் 11-க்குத் தாவியவர்கள் ஏராளம். தாவிய கையோடு சிலர் சொல்லும் புகார் இது: “நேற்று வரை நன்றாக ஓடிய லேப்டாப், அப்கிரேடு பண்ணியதும் ஊர்கிறது.” சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்” அல்லது “புராசஸர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க.”

இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். புராசஸர் ஒரே இரவில் பழசாகிவிடாது. அப்கிரேடுக்குப் பிறகு வரும் மந்தம் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். புராசஸர் தலையில் யாரோ அளவுக்கு மீறி வேலையைக் கட்டியிருக்கலாம். அதன் வேகத்துக்கு யாரோ கடிவாளம் போட்டிருக்கலாம். அல்லது புராசஸர் நலமாகவே இருக்க, ஹார்ட் டிஸ்க்கோ ரேமோ காலை வாரிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது நம் நோய் என்று கண்டுபிடிக்கச் சல்லிக்காசு செலவில்லை.

எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போய், ‘சிபியு’ என்பதைத் தட்டுங்கள். வரைபடத்துக்குக் கீழே பல எண்கள் இருக்கும். நமக்கு வேண்டியவை இரண்டு: ‘யூட்டிலைசேஷன்’ என்ற சதவீதமும், ‘ஸ்பீடு’ என்ற கிகாஹெர்ட்ஸ் கணக்கும். ஓரத்தில் ‘பேஸ் ஸ்பீடு’ என்று உங்கள் புராசஸரின் அடிப்படை வேகமும் இருக்கும்.

ஓர் உதாரணம். 2017-ல் வெளிவந்த இன்டெல் ஐ5-8250யு இன்றும் பல வீடுகளில் உழைக்கும் சிப். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் புராசஸர்களில் இந்த எட்டாம் தலைமுறைதான் ஏறக்குறைய கடைசிப் படி. இதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். வேலை வந்தால் ‘டர்போ’ முறையில் 3.4 வரை தானாகவே எகிறும். சும்மா இருக்கும்போது 1-க்கும் கீழே இறங்குவது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிரவுசரில் ஏழெட்டு டேப்களைத் திறந்து, ஒரு வீடியோவையும் ஓட விட்டுவிட்டுப் பாருங்கள். ஸ்பீடு 2, 3 என்று ஏற வேண்டும்.

ஸ்பீடு ஏறி நிற்கிறது, யூட்டிலைசேஷனும் 90, 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால், புராசஸருக்கு வேலை அதிகம். என்ன செய்தாலும் ஸ்பீடு 0.79 அல்லது 0.39-ல் அசையாமல் கிடக்கிறது என்றால், கடிவாளம் விழுந்திருக்கிறது. இரண்டு எண்களும் சாதாரணமாக இருந்தும் கணினி ஊர்ந்தால், பழியைப் புராசஸர் மீது போடாதீர்கள்.

வேலை அதிகம் என்றால்

புதிய விண்டோஸ் ஏறியதும் பின்னணியில் பல வேலைகள் நடக்கின்றன. தேடலுக்காகக் கோப்புகளை எல்லாம் மறுபடி அட்டவணைப்படுத்துகிறது. டிஃபெண்டர் வைரஸ் சோதனை ஓட்டுகிறது. விட்டுப்போன டிரைவர்களும் அப்டேட்களும் இறங்குகின்றன. ஒன்டிரைவ் தன் பங்குக்குக் கோப்புகளைச் சரிபார்க்கிறது. டாஸ்க் மேனேஜரின் ‘புராசஸஸ்’ பக்கத்தில் ‘சிபியு’ என்ற தலைப்பைத் தட்டினால், அதிகம் தின்பவர் மேலே வந்து நிற்பார். ‘சர்ச் இண்டெக்ஸர்’, ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’, ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’ போன்ற பெயர்கள் இருந்தால், சார்ஜரைச் செருகி, இன்டர்நெட் இணைப்போடு ஓர் இரவு லேப்டாப்பைத் தூங்கவிடாமல் ஓடவிடுங்கள். ஓரிரு நாளில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

அடங்காமல் ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ என்ற வரி தொடர்ந்து மேலே நின்றால் விஷயம் வேறு. ஏதோ ஒரு டிரைவரோ, வன்பொருளோ புராசஸரை ஓயாமல் தட்டி எழுப்புகிறது என்று அர்த்தம். வெளியே செருகியிருக்கும் யுஎஸ்பி பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பிறகு லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய சிப்செட், வைஃபை, ஆடியோ டிரைவர்களை இறக்கி நிறுவுங்கள். பழைய விண்டோஸ் காலத்து ஆன்டிவைரஸ் அப்படியே தொற்றிக்கொண்டு வந்திருந்தால், அதை நீக்கிவிட்டு ஒரு நாள் பார்ப்பதும் பலன் தரும். இடைப்பட்ட நேரத்தில் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் காவலுக்கு வந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும் கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸின் உள்மையம் முழுதாக அணைவதில்லை. அதன் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. ‘தினமும் அணைத்துத்தானே வைக்கிறேன்’ என்பவர்களும் ஒரு முறை ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டியது இதனால்தான்.

கடிவாளம் விழுந்திருந்தால்

பலரையும் குழப்புவது இந்த வகைதான். புராசஸரின் வேகம் என்பது ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை எத்தனையால் பெருக்குவது என்பதைத் தேவைக்கேற்பப் புராசஸர் மாற்றிக்கொண்டே இருக்கும். 34-ஆல் பெருக்கினால் 3.4 கிகாஹெர்ட்ஸ். ஆபத்து என்று அறிவிப்பு வந்தால், தன்னால் இயன்ற மிகக் குறைந்த பெருக்கலுக்கு இறங்கிவிடும். சில சிப்களில் அது 8, சிலவற்றில் 4. டாஸ்க் மேனேஜரில் 0.79, 0.39 என்று ஏறக்குறைய ஒரே மாதிரியான எண்களைப் பலரும் பார்ப்பதன் ரகசியம் இதுதான்.

விண்டோஸ் 10-லும், 11-இன் பல பதிப்புகளிலும் இன்னொரு விசித்திரம் உண்டு. அங்கே ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தின் சதவீதம் அடிப்படை வேகத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1.6 கிகாஹெர்ட்ஸ் சிப் 0.79-ல் கட்டுண்டு கிடந்தால், மூச்சுமுட்ட உழைத்தாலும் யூட்டிலைசேஷன் 50 சதவீதத்தைத் தாண்டாது. பார்ப்பவருக்கோ, ‘பாதிதானே வேலை செய்கிறது, பிறகு ஏன் இப்படி?’ என்று தோன்றும்.

ஆபத்து அறிவிப்பைத் தருவது யார்? இன்டெல் புராசஸர்களில் ‘புராச்ஹாட்’ என்றொரு சிக்னல் உண்டு. சூடு எல்லை மீறினால் புராசஸரே அதை எழுப்பும். பல லேப்டாப் சிப்களில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். மதர்போர்டில் உள்ள மற்ற பாகங்களும் அதே சிக்னலை எழுப்பிப் புராசஸரை அடக்க முடியும். மின்சாரம் வழங்கும் சுற்று சூடானாலும், பேட்டரி மோசமானாலும், சார்ஜர் சந்தேகத்துக்கு இடமானாலும் இது நடக்கலாம். புராசஸர் குளிர்ந்தே இருக்கும், வேகம் மட்டும் இருக்காது.

சார்ஜர் கதையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டெல் போன்ற சில நிறுவனங்களின் லேப்டாப்கள், செருகப்படும் சார்ஜர் எத்தனை வாட் என்று அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். வட்ட முனை கொண்ட பழைய டெல் சார்ஜரின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி அதற்குத்தான். அது வளைந்தாலோ, சார்ஜர் போலியாக இருந்தாலோ பதில் வராது. லேப்டாப் உடனே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தி, புராசஸரையும் தாழ்த்திவிடும். டைப்-சி லேப்டாப்பில் 65 வாட் சார்ஜருக்குப் பதிலாகப் போன் சார்ஜரைச் செருகினாலும் இதே வகைச் சிக்கல் வரலாம். சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டி ஸ்பீடைப் பாருங்கள். பிறகு அதே மாடலுக்கு உரிய அசல் சார்ஜரை யாரிடமாவது வாங்கிச் செருகிப் பாருங்கள்.

‘அப்கிரேடுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கலாம். விண்டோஸ் அப்டேட் வழியாகப் பயாஸ் அப்டேட்டும் கூடவே வருவதுண்டு. மின்சக்தியை நிர்வகிக்கும் டிரைவர்கள் மாறுகின்றன. பவர் அமைப்புகள் புதிதாக எழுதப்படுகின்றன. போதாக்குறைக்கு, அப்கிரேடு வேலையே சில மணி நேரம் லேப்டாப்பைக் கொதிக்க வைக்கிறது. தூசி அடைத்த ஃபேனும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் அன்றுதான் அம்பலத்துக்கு வருகின்றன.

செய்ய வேண்டியவற்றை இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘பவர் அண்ட் பேட்டரி’ என்று போய், ‘பவர் மோட்’ எதில் இருக்கிறது என்று பாருங்கள். மின்சிக்கனத்தில் இருந்தால் ‘பேலன்ஸ்டு’ அல்லது ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். லேப்டாப் நிறுவனத்தின் சொந்தச் செயலியில் ‘சைலன்ட்’, ‘கொயட்’ என்று ஏதாவது தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. கன்ட்ரோல் பேனலின் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட்’ தெரிந்தால், அது 100 ஆக இருக்க வேண்டும். சூடு குறையட்டும் என்று சிலர் 99 ஆக்கி வைப்பார்கள். அந்த ஒரு சதவீதம் குறைந்தாலே பல கணினிகளில் டர்போ முழுதாக நின்றுவிடும்.

3. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டின் கட்டுப்பாட்டு சிப் புதிதாகத் தொடங்கும். சிக்கிக்கொண்ட சிக்னல் பல நேரம் இதிலேயே விடுபடும்.

4. நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் இருந்தால் நிறுவுங்கள். பேட்டரி நிறைந்து, சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே முடங்கக்கூடும்.

5. எதற்கும் மசியவில்லை என்றால் ‘எச்டபிள்யூஇன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். புராசஸரின் வெப்பநிலையையும், வேகம் தடுக்கப்படுவது சூட்டினாலா மின் வரம்பினாலா என்பதையும் அது காட்டும். சூடு என்றால் ஃபேனைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றினாலே தீரும்.

‘த்ராட்டில்ஸ்டாப்’ என்ற மென்பொருளில் ஒரு கட்டத்தில் உள்ள டிக் குறியை நீக்கினால் வெளியிலிருந்து வரும் புராச்ஹாட் சிக்னலைப் புராசஸர் பொருட்படுத்தாது. வேகம் சட்டென்று திரும்பிவிடும் என்பதால் இதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கோளாறு எங்கே என்று உறுதிப்படுத்த ஒரு முறை செய்து பார்க்கலாம். நிரந்தரமாக விட்டுவைப்பது, உண்மையிலேயே ஆபத்து வரும் நாளில் எச்சரிக்கையைக் கேட்காமல் செய்வதாகும்.

புராசஸர் நிரபராதி என்றால்

டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நின்றால், உங்கள் லேப்டாப்பில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்க வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டி மாற்றுவதே அதற்குத் தீர்வு. ‘மெமரி’ 90 சதவீதத்துக்கு மேல் என்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி போதும் என்பது விண்டோஸ் 11-இன் காகிதக் கணக்கு. பிரவுசரும் வீடியோ அழைப்பும் ஒன்றாக ஓட 8 ஜிபியாவது வேண்டும்.

மைக்ரோசாப்டின் பங்கு

எல்லாப் பழியும் பயனரின் லேப்டாப் மீதுதானா என்றால், இல்லை. விண்டோஸ் 11 வெளியான 2021 அக்டோபரிலேயே, ஏஎம்டி ரைசன் புராசஸர்களில் எல்3 கேஷ் நினைவகம் தாமதமாகப் பதிலளிக்கும் கோளாறு வெளிப்பட்டது. சில செயலிகள் 3 முதல் 5 சதவீதமும், சில விளையாட்டுகள் 10 முதல் 15 சதவீதமும் வேகம் இழக்கக்கூடும் என்று ஏஎம்டியே அறிவித்தது. அதே மாதத்தில் மைக்ரோசாப்டின் அப்டேட் வந்து அதைச் சரிசெய்தது.

இன்றும் தொடர்வது ‘மெமரி இன்டெக்ரிட்டி’ விவகாரம். விண்டோஸின் உள்மையத்தில் தீய நிரல்கள் நுழையாமல் காக்கும் அரண் இது. புதிதாக நிறுவப்படும் பல கணினிகளில் தானாகவே இயங்கும். இதற்கு உரிய வசதி இன்டெலின் ஏழாம் தலைமுறை முதலான சிப்களில் வன்பொருளாகவே உண்டு. அதற்கு முந்தைய சிப்களில் அதே வேலையை மென்பொருள் பாவனை செய்ய வேண்டியிருப்பதால் வேகம் கூடுதலாக அடிவாங்கும். தகுதி இல்லாத பழைய லேப்டாப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக்கொண்டவர்கள் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது. விளையாட்டுப் பிரியர்கள் இதை அணைத்துக்கொள்ளலாம் என்றும், அப்போது பாதுகாப்பு குறையும் என்றும் மைக்ரோசாப்டே சொல்கிறது. வங்கிக் கணக்கும் அலுவலகக் கோப்பும் இருக்கும் லேப்டாப்பில் அதைத் தொடாதீர்கள்.

திரும்பிப் போகலாமா?

போகலாம், ஆனால் கெடு உண்டு. அப்கிரேடு செய்த 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’, ‘கோ பேக்’ வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். உங்கள் கோப்புகள் இருக்கும், இடையில் நிறுவிய செயலிகள் போய்விடும். எதற்கும் முன்கூட்டி ஒரு நகல் எடுத்துவையுங்கள். ‘இடம் அடைக்கிறது’ என்று ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ ஃபோல்டரை நீக்கியவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். திரும்பிய பின் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராவிட்டால் புதிய அப்டேட்கள் வராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஃபார்மட் கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும். சார்ஜரிலோ ஃபேனிலோ உள்ள கோளாறு எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் போகாது. கடைக்குப் போகும் முன் வேலைச் சுமையோடு இருக்கும் டாஸ்க் மேனேஜரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யூட்டிலைசேஷன், ஸ்பீடு, டிஸ்க், மெமரி எல்லாம் அதில் தெரியட்டும். “ஸ்பீடு 0.79-லேயே நிற்கிறது, ஏன்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் புது லேப்டாப் விலைப் பட்டியலை நீட்டும் கடைக்கு இன்னொரு முறை போகாதீர்கள்.