விரிசலை மறைத்த நாட்காட்டி

தியானப் பகுதி: லேவியராகமம் 14:33–48, மாற்கு 2:1–12



நத்தார் நெருங்கும் நாட்களில் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் ஒரு சுறுசுறுப்பு தொற்றிக்கொள்ளும். லயங்களின் இஸ்தோப்புகளில் சுண்ணாம்பு வாளிகள் தோன்றும். விறகடுப்பின் புகை ஓராண்டு முழுவதும் படியவைத்த கரியை ஒரே ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வெளுத்துவிட வேண்டுமென்று வீட்டார் அனைவரும் முனைவார்கள். மூடுபனி சுவரோடு சுவராக வாழ்கிற மலை இது. அடித்த வர்ணம் தை பிறப்பதற்குள் பொருக்குவிட்டு உதிரத் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்கிறார்கள். அந்த ஆவலில் குற்றமேதும் இல்லை.

முற்காலத்தில் வர்ணத்திற்கு வழியில்லாதவர்கள் பழைய பத்திரிகைத் தாள்களைக் கோதுமை மாவுப் பசையால் சுவரெங்கும் ஒட்டினார்கள். படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் படுத்தபடியே சுவரைப் படித்தார்கள். இந்தப் பத்தியும் எங்கேனும் ஒரு சுவரில் தலைகீழாக ஒட்டப்பட்டால் அதை ஒரு பெருமையாகவே கொள்வேன்.

லயம் என்பது வீடாக எண்ணிக் கட்டப்பட்டதன்று. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த தொழிலாளரைத் தங்கவைப்பதற்காக எழுப்பிய நீண்ட வரிசை அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அவற்றுள் பல நூறாண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன. அந்த ஒற்றைக் காம்பராவுக்குள்தான் நம்முடைய முன்னோர் தொட்டில் கட்டினார்கள், பெண் பார்த்தார்கள், பிணத்தைக் கிடத்தினார்கள், ஜெபித்தார்கள். 1854ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் கூலி மிஷனின் உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று சுவிசேஷம் அறிவித்தபோது, சுவரின் வெண்மையைப் பார்த்திருந்தால் ஒரு வாசலையும் மிதித்திருக்க முடியாது.

ஆனால் இன்று நாம் என்ன சொல்கிறோம்? "போதகர் ஐயா, வீட்டைக் கொஞ்சம் சரிப்படுத்திவிட்டு ஜெபக்கூட்டத்துக்கு அழைக்கிறோம்" என்கிறோம். இந்த ஆண்டு வர்ணம், அடுத்த ஆண்டு தரைவிரிப்பு, அதற்கடுத்த ஆண்டு கதிரைகள். இப்படியே பத்து ஆண்டுகள் கடந்துவிட்ட வீடுகள் உண்டு. அயல் வீட்டுக்காரி வந்தால் இஸ்தோப்பிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுகிறோம். உள்ளே எட்டிப் பார்த்துவிடுவாளோ என்ற கூச்சம்!

லயத்தை விட்டு வெளியேறியவர்களையும் இந்தக் கூச்சம் விடுவதில்லை. இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கென ஒதுக்கப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு. தலைமுறை தலைமுறையாகக் காணியின்றி வாழ்ந்தவர்களுக்கு இது எத்தகைய ஆசீர்வாதம் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனினும் குடிபுகுந்த மறுமாதமே தவணைக்கு சோபா செட், நுண்கடனில் தரை ஓடு என்று தொடங்கி, வாராவாரம் கடன் தவணைக்காகக் கொழுந்துச் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும் தாய்மாரை நாம் அறிவோம். சோபாவில் உட்கார அவர்களுக்கு நேரம் கிடைக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

சூனேம் ஊரில் ஒரு கனம் பொருந்திய பெண் இருந்தாள். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் அவளைக் காண்கிறோம். தேவமனிதனாகிய எலிசா அவ்வழியே போகும்போதெல்லாம் தங்குவதற்காக அவள் மேல்வீட்டில் ஒரு சிறிய அறையைக் கட்டுவித்தாள். அதில் வைத்த பொருட்களை வேதம் எண்ணியே சொல்கிறது: கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு. அவ்வளவுதான். வசதி படைத்தவள், விரும்பியிருந்தால் இன்னும் எத்தனையோ வைத்திருக்கலாம். களைத்து வருகிறவனுக்கு என்ன தேவை என்று மட்டும் நினைத்தாள் போலும். பின்னொரு நாளில் மரித்துப்போன அவளுடைய மகனை அவள் கொண்டுவந்து கிடத்தியதும், அவன் உயிரோடு எழுந்ததும் அந்தக் கட்டிலின் மேல்தான்.

கப்பர்நகூமில் ஒரு வீட்டைப் பற்றியும் சிந்தியுங்கள். ஆண்டவர் உள்ளே உபதேசித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் இடமில்லை. நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துகொண்டு மேலே ஏறி, கூரையைப் பிரித்து, அந்த வழியாக அவனை இறக்குகிறார்கள். அக்காலத்துக் கூரை மரச் சட்டங்களின் மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசியது. ஆகவே உள்ளேயிருந்தோர் தலையில் மண்ணும் சுள்ளியும் கொட்டியிருக்கும். வீட்டுக்காரர் என்ன நினைத்தார் என்று மாற்கு எழுதவில்லை. அதை அறிய எனக்கு எப்போதும் ஆசை உண்டு! ஆனால் ஆண்டவர் அண்ணாந்து பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது ஓட்டையன்று, அதைப் போட்டவர்களின் விசுவாசம். மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழே பாத்திரம் வைத்துவிட்டு ஜெபக்கூட்டம் நடத்தியவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாக விளங்கும்.

எனினும் இங்கே ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையுள்ளவனாயிரேன். "குறையோடு வாழப் பழகுங்கள்" என்ற ஆலோசனை, நல்ல வீட்டில் இருப்பவன் லயத்தில் இருப்பவனுக்குச் சொல்லும்போது கொடுமையாகிவிடும். வேதம் எல்லாக் குறைகளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் பச்சையாகவும் சிவப்பாகவும் குழி விழுந்து பரவும் தோஷத்தைப் பற்றிப் படிக்கிறோம். வீட்டுக்குரியவன் தானே போய் ஆசாரியனிடம் அறிவிக்க வேண்டும். ஆசாரியன் முதலில் வீட்டை வெறுமையாக்கச் சொல்லுவான். ஏழு நாள் பூட்டிவைத்து மீண்டும் பார்ப்பான். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, வேறு கற்களை வைத்துப் புதிதாகப் பூச வேண்டும். அதற்குப் பின்னும் பரவினால் வீட்டையே இடித்துப்போட வேண்டும். சுவரின் நோயை மூடிவைத்து அதன் கீழே பிள்ளைகளைப் படுக்கவைக்க வேதம் இடங்கொடுக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது நுவரெலியா மாவட்டமும் மண்சரிவுகளின் வேதனையை அனுபவித்தது. சுவரிலும் நிலத்திலும் புதிதாகத் தோன்றி அகலிக்கும் வெடிப்பு, திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, சாயத் தொடங்கும் மரம், இல்லாத இடத்தில் ஊறும் நீர், கலங்கி வரும் ஊற்று: இவை மலை முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள். இவற்றைக் கண்டவர் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் கவனியாவிட்டால் மறுபடியும் போக வேண்டும். அப்படிப் போவதை அவிசுவாசம் என்று எவரும் சொல்ல வேண்டாம். மழை பலத்தால், பதில் வரும்வரை காத்திராமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும்.

நம்முடைய வழக்கமோ நேர்மாறாக இருக்கிறது. கரி படிந்த சுவருக்காக வெட்கப்பட்டுக் கடன் வாங்குகிறோம். வெடித்த சுவரின் மேல் வேதவசன நாட்காட்டியை மாட்டி, அழகாயிருக்கிறதென்று திருப்திப்படுகிறோம். வெட்கப்பட வேண்டாததற்கு வெட்கம், பயப்பட வேண்டியதற்கு அலங்காரம்!

ஆகவே, பிரியமானவர்களே, இந்த வாரம் சுண்ணாம்பு வாளியை எடுப்பதற்கு முன் அந்த நாட்காட்டியைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் இருப்பது விரிசலானால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதியை எழுதிவையுங்கள். அறிவிக்க வேண்டியவர்களுக்கு அன்றைக்கே அறிவியுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் வளர்ந்தால் அந்தச் சுவரின் அருகே உறங்காதீர்கள். வெறும் கரியும் பொருக்குமானால், நாட்காட்டியை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, தேத்தண்ணீருக்கு அடுப்பை மூட்டி, இஸ்தோப்பில் நிற்கிற அயல் வீட்டுக்காரியை உள்ளே வரச் சொல்லுங்கள்.