கஞ்சமலை இரும்பும் நியூகாஸில் இஞ்சினும்

சேலம் நகருக்கு ரயில் வந்தது 1861-ம் வருஷத்தில். அடுத்த வருஷமே சங்ககிரி துர்க்கம், ஈரோடு, போத்தனூர் வழியாகப் பாதை மேற்கே நீண்டு, சென்னையையும் மலையாளக் கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்துவிட்டது. அந்தப் பாதையில் ஓடிய இஞ்சின்கள் பிரிட்டனில் செய்யப்பட்டவை. தண்டவாளங்களும் அங்கிருந்தே கப்பலேறி வந்தவை. ரயில் நின்ற சூரமங்கலத்திலிருந்து சில மைல் தூரத்தில் கஞ்சமலை இருக்கிறது. அந்த மலையின் உடம்பெல்லாம் இரும்புக் கல். இரும்பு மலையின் காலடிக்குக் கடல் கடந்து இரும்பு வந்து சேர்ந்த விந்தையைப் பற்றியே இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

இதற்குச் சுலபமான விடைகள் இரண்டு உண்டு. யந்திரம் செய்யும் புத்தி வெள்ளைக்காரனுக்குக் கடவுள் அளித்த தனி வரம் என்பது ஒன்று. நம்மிடம் எல்லாமே இருந்தன, அவன் அபகரித்துக்கொண்டு போய்விட்டான் என்பது மற்றொன்று. முதல் விடை அடிமை மனப்பான்மையில் பிறந்தது. இரண்டாவதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று. அதோடு நின்றுவிட்டால் சோம்பலுக்கே இடமாகும். ஆகையால், ரயில் இஞ்சினை முதலில் செய்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

அவர்கள் பிரபுக்கள் அல்லர். சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற பண்டிதர்களும் அல்லர். சுரங்கங்களை அண்டிப் பிழைத்தவர்கள். ரிச்சர்டு டிரெவிதிக் என்பவர் கார்ன்வால் சுரங்கப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். 1804-ம் வருஷம் பிப்ரவரி மாதம் வேல்ஸ் நாட்டில் பெனிடாரன் இரும்பாலையின் பாதையில் அவருடைய நீராவி இஞ்சின் 10 டன் இரும்பை இழுத்துச் சென்றது. இஞ்சின் ஓடியது, ஆனால் அதன் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் நொறுங்கின. உலகத்துக்கு ரயில் இஞ்சினைக் காட்டிய அந்த மனிதர் 1833-ல் வறுமையில் இறந்தார். உடன் வேலை செய்த தொழிலாளிகளே பணம் சேர்த்து அவரை அடக்கம் செய்தார்கள்.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸனின் சரித்திரம் இன்னும் சிந்திக்கத்தக்கது. 1781-ல் வைலம் என்னும் கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் யந்திரத்துக்கு நெருப்பு மூட்டிக் கூலி பெற்றவர். மகனுக்கு 18 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு இராப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அட்சரம் கற்றார். செருப்புத் தைத்தும் கடிகாரம் பழுதுபார்த்தும் கூலிக்கு மேல் நாலு காசு சம்பாதித்தார். 1814-ல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் தம் முதல் இஞ்சினை ஓட்டினார். 1825-ல் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே ரயில் விட்டார். அதே வருஷம், லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்காகப் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சி சொல்லச் சென்ற அவரைப் பெரிய பெரிய வக்கீல்கள் பரிகசித்தார்கள். அவருடைய கிராமியப் பேச்சும் கேலிக்கு உள்ளாயிற்று. மசோதா தோற்றது. ஆனால் 1830-ல் அந்தப் பாதை திறக்கப்பட்டபோது அதை அமைத்தவர் அவரே.

அந்தப் பாதைக்கு ஏற்ற இஞ்சினைத் தேர்ந்தெடுக்க 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் ஒரு பந்தயம் நடந்தது. பரிசு 500 பவுன். வென்றது, ஜார்ஜின் குமாரர் ராபர்ட் ஸ்டீவன்ஸனின் நியூகாஸில் பட்டறையில் உருவான ‘ராக்கெட்’. அதன் வெற்றியின் மர்மத்தை நம் ஊர்க் கொல்லர் எவரும் உடனே கண்டுகொள்வார். கொதிகலத்தின் ஊடே 25 செப்புக் குழாய்களைச் செலுத்தி, அவற்றின் வழியே நெருப்பின் வெப்பம் பாயும்படி செய்தார்கள். தண்ணீர் விரைவில் கொதித்தது. வேலை செய்து முடித்த நீராவியை வீணாக்காமல் புகைபோக்கியினுள் பீறிட்டு எழவிட்டார்கள். அது காற்றை இழுத்து நெருப்பை மூட்டியது. இஞ்சின் வேகமாக ஓட ஓட, உலையும் வேகமாக எரிந்தது. சுருங்கச் சொன்னால், தன் துருத்தியைத் தானே ஊதிக்கொள்ளும் உலை அது. இந்த யோசனைகள் ஒருவர் மூளையில் மட்டும் உதித்தவையல்ல. குழாய்களைப் பற்றிய யோசனையைச் சொன்னவர் ரயில் கம்பெனிக் காரியதரிசி ஹென்ரி பூத். நீராவியைப் புகைபோக்கியில் விடும் முறையை டிரெவிதிக் முன்னரே கையாண்டிருந்தார். ஒருவர் கண்டதை மற்றொருவர் திருத்தினார். பட்டறை அதைக் காப்பாற்றி வைத்தது.

உலையும் துருத்தியும் நமக்குப் புதியவையா? சேலம் ஜில்லாக் கொல்லர்கள் கஞ்சமலைக் கல்லைப் பொடித்து, மண் உலையில் அடுப்புக்கரியிட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்பை ஆவாரங்கட்டையோடும் எருக்கிலையோடும் சிறு மண் மூசையில் அடைத்து உருக்காக மாற்றினார்கள். தென்னாட்டு உருக்கின் இரகசியத்தை அறிய லண்டனில் பாரடே போன்ற விஞ்ஞானியே ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து 1820-ம் வருஷத்தை ஒட்டிப் பரிசோதனைகள் நடத்தினார். ஸ்டீவன்ஸன் இராப் பள்ளிக்குச் சென்ற காலத்தில், உருக்கு விஷயத்தில் நம் கொல்லர் எவருக்கும் தாழ்ந்தவரல்லர்.

சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இந்த இரும்பின் பெருமையை உணர்ந்தார். வேலையை விட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துக் கல் காவேரி வழியாகப் படகில் சென்றது. பின்னர் காவேரிக் கரையில் பூலாம்பட்டியிலும் உலை எழும்பியது. இங்கு எடுத்த இரும்பு இங்கிலாந்துக்குச் சென்றது. ராபர்ட் ஸ்டீவன்ஸன் மெனாய் ஜலசந்தியின் மேல் கட்டி 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்திலும் அது பயன்பட்டது என்று பழைய நூல்கள் கூறுகின்றன. ராக்கெட்டை உருவாக்கிய கைக்கும் சேலத்து மலைக்கும் இப்படியும் ஒரு சம்பந்தம் சொல்லப்படுகிறது.

ஆனால் பரங்கிப்பேட்டை உலைகள் நிலைக்கவில்லை. அவை உண்டது அடுப்புக்கரி. காடு கரையக் கரையக் கரியின் தூரமும் விலையும் ஏறின. இங்கிலாந்திலோ நிலக்கரி காலடியில் கிடந்தது. ரயில் சேலத்துக்கு வந்த அதே பத்தாண்டில் நம் உலைகள் அணைந்தன. நிலக்கரி இல்லாதது இயற்கையின் குறை. அதை மட்டும் காரணமாகச் சொல்ல நாம் உடன்பட மாட்டோம். நாட்டில் இருப்புப்பாதை போடும் காலத்தைவிட இரும்புத் தொழிலை வளர்க்க ஏற்ற காலம் வேறு உண்டா?

அந்தக் காலத்தில் நடந்தது என்ன? சென்னை ரயில்வே கம்பெனியின் முதலுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் செய்யப்பட்டது. வருமானம் குறைந்தால் இந்தியக் குடியானவனின் வரிப்பணம் அதை ஈடு செய்யும். லாபம் லண்டன் பங்குதாரருக்கு, நஷ்டம் நமக்கு. இந்த ஏற்பாட்டில், உள்ளூர் உலைக்கு ஆர்டர் கொடுத்து அதை வளர்த்து எடுக்க வேண்டிய அவசியம் கம்பெனிக்கு என்ன இருந்தது? கரி உலைகளால் உடனே எல்லாத் தண்டவாளங்களையும் கொடுத்திருக்க முடியாது என்பது மெய்யே. ஆனால் ஸ்டீவன்ஸனின் முதல் இஞ்சினும் குறையற்றதாகப் பிறக்கவில்லை. அதற்குச் சுரங்க முதலாளி பணம் கொடுத்தார், தவறு செய்யவும் திருத்தவும் அவகாசம் கொடுத்தார். நம் கொல்லருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னை ரயில்வேயின் பாதையை வகுத்த தலைமை இன்ஜினீயர் ஜார்ஜ் பார்க்லே புரூஸ், இளமையில் நியூகாஸில் ஸ்டீவன்ஸன் பட்டறையில் பயின்றவர். 1856-ல் உடல்நலம் குன்றி அவர் தாய்நாடு திரும்பினார். பட்டறையில் கற்ற வித்தை குருவிடமிருந்து சிஷ்யனுக்குச் சென்று, கடல் கடந்து நம் ஊர் வரை வந்தது. ஆனால் இங்கு அது நம்மவரிடம் முழுமையாக இறங்கவில்லை. பெரம்பூர்ப் பட்டறையில் இஞ்சினைப் பிரித்து மாட்டும் வேலை நம் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது. புதிதாக ஒன்றை வகுத்துச் செய்யும் வேலை கிடைக்கவில்லை. 1895-ல் அஜ்மீரில் ஓர் இஞ்சின் செய்யப்பட்டது. அதனால் நம்மால் முடியும் என்பது ருசுவாயிற்று. அதன் பிறகும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியே தொடர்ந்தது. சுதந்திரம் வந்த பின், 1950-ல் தொடங்கிய சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972-க்குள் 2,351 நீராவி இஞ்சின்களைச் செய்து கொடுத்தது. இந்தியனுக்குப் புத்தி போதாது என்ற வாதத்துக்கு இதைவிடப் பதில் வேண்டுவதில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியே மற்றொரு பதில். சென்னைப் பாதை சேலத்திலிருந்து மேற்கே திரும்பிவிட்டதால் நாமக்கல் ஒதுங்கி நின்றது. சேலம்–நாமக்கல்–கரூர் பாதையில் ரயில் ஓடியது 2013-ல். அதாவது சேலம் ரயிலைக் கண்டு 152 வருஷங்களுக்குப் பிறகு. அதுவரை நாமக்கல் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. லாரிகளை வாங்கியது, அவற்றுக்குக் கூடு கட்டும் பட்டறைகளை ஊரெங்கும் நிறுவியது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. உத்தரவாத வட்டி பெற்று வளர்ந்த தொழில்களல்ல இவை. பட்டறையில் பையனாக நுழைந்து, கை கறுத்து, மேஸ்திரியாகி, முதலாளியானவர்களால் வளர்ந்தவை. ஸ்டீவன்ஸனின் ஜாதி இதுதான்.

குறை ஒன்று இன்னும் இருக்கிறது. கஞ்சமலை அருகே 1970-ல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலை, துருப்பிடிக்காத எஃகில் புகழ் பெற்றிருக்கிறது. ஆனால் கஞ்சமலைக் கல்லை உருக்கி அது வளரவில்லை. மலையை வெட்டிக் கல்லை விற்பது தொழில் வளர்ச்சியாகாது. ஹீத் காலத்திலேயே அதைக் கண்டோம். கல்லோடு கரியும், கரியோடு கல்வியும், கல்வியோடு உள்ளூர் ஆர்டரும் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் வேலை செய்பவனைத் தாழ்ந்தவனாக நினைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பதினெட்டு வயதில் அட்சரம் கற்றவனை வக்கீல்கள் பரிகசித்தும் இங்கிலாந்து கடைசியில் அவனை நம்பியது. நம் பட்டறைப் பையனுக்கு இராப் பள்ளிக்கூடமும், அவன் கண்டுபிடிப்பைப் பரீட்சிக்க ஒரு ரெயின்ஹில் மைதானமும் நாம் அளித்திருக்கிறோமா? அளிக்கும் வரையில் பழைய அநியாயத்தைப் பேசிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.