கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கப் போறீங்களா? பெட்டி மேல இருக்கிற விலை பாதிக் கணக்குதான்!

எங்க ஊர் மரக்காணம். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்போ உப்பளம் வெள்ளையா தெரியுமே, அதே ஊர்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ வீட்ல கரண்ட் போச்சு. மறுநாள் சாயங்காலம்தான் வந்துச்சு. மீன் தொட்டியோட கேனிஸ்டர் ஃபில்டர் தானா ஓட ஆரம்பிச்சது. நிம்மதியா தூங்கிட்டேன். காலையில 11 மீன் மிதந்தது. புயல்ல பிழைச்ச மீன்கள், கரண்ட் வந்த பிறகு செத்துப்போச்சு.

ஏன்னு பிறகுதான் புரிஞ்சது. அதைச் சொல்றதுக்கு முன்னாடி காசுக் கணக்கைப் பார்த்துடலாம்.

1. உங்களுக்கு இது தேவையா?

50, 60 லிட்டர் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு ஏர் பம்பும் போதும். கேனிஸ்டர் பெரிய தொட்டிக்கு. நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 x 1.25 x 1.25 அடி தொட்டி சுமார் 133 லிட்டர். மணிக்கு 4, 5 முறை தண்ணீர் சுற்றணும். அதாவது 530 முதல் 660 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் உள்ளே மீடியா இல்லாமல் அளந்தது. அதனால் 900, 1,000 லிட்டர் என்று போட்டதைப் பாருங்க.

2. ஐந்து வருடக் கணக்கு

ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடும். உதாரணத்துக்கு ரெண்டு மாடல்:

- முதல் மாடல்: விலை ரூ.5,500, 30 வாட். ரெண்டு மாசத்துக்கு 43.2 யூனிட்.
- இரண்டாவது மாடல்: விலை ரூ.9,500, 15 வாட். ரெண்டு மாசத்துக்கு 21.6 யூனிட்.

யூனிட் 6 ரூபாய்னு வச்சா, ஐந்து வருடத்தில் முதல் மாடலுக்கு மொத்தம் ரூ.13,276, இரண்டாவதுக்கு ரூ.13,388. கடையில் 4,000 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் வெறும் 112 ரூபாய்!

அப்போ எதை வாங்குறது? உங்க கரண்ட் பில்லை எடுங்க. ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு யூனிட் விலை குறைவு, முதல் மாடலே லாபம். 500 யூனிட் எல்லையில் இருந்தா, அதைத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் போயிடும். அங்கே இரண்டாவதுதான் சரி.

இன்னொன்னு, 'நோ காஸ்ட் இஎம்ஐ'. பிராசஸிங் கட்டணம் இருக்கும். வட்டியைக் கடை ஏத்துக்கிட்டாலும் அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி நம்ம தலையில்தான். மீன் தொட்டி ஆசைக்குக் கடன் வேண்டாம். மாசம் கொஞ்சம் ஒதுக்கி, சேர்ந்த பிறகு வாங்குங்க.

3. ஸ்பேர் கிடைக்குமா?

மூடியின் ரப்பர் ரிங், இம்பெல்லர் ரெண்டும் தேயும். சென்னை கொளத்தூர் மாதிரி மீன் கடைகள் நிறைந்த இடத்தில், "இந்த மாடலுக்கு ரிங் இருக்காண்ணா?"ன்னு கேட்டுட்டு வாங்குங்க. ரிங் கிடைக்கலைன்னா முழு ஃபில்டரும் குப்பை. எங்களைப் போலக் கடலோரம் இருந்தா, துருப்பிடிக்காத செராமிக் ஷாஃப்ட் இருக்கான்னும் பாருங்க. உப்புக் காத்து இரும்பை விடாது.

4. என் மீன்கள் செத்த காரணம்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஃபில்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றும். அதுக்கு ஆக்சிஜன் வேணும். கேனிஸ்டர் மூடிய டப்பா. கரண்ட் போன சில மணி நேரத்தில் பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், தண்ணீர் அழுகும். கரண்ட் வந்ததும் அத்தனையும் தொட்டிக்குள் பாயும். எனக்கு நடந்தது இதுதான்.

அதனால் நீண்ட கரண்ட் கட்டுன்னா பிளக்கை எடுத்துடுங்க. டப்பாவில் இருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட விடுங்க. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைங்க. நம்ம பாஷையில் அதுதான் எமர்ஜென்சி ஃபண்ட்.

கடைசியா, எங்க உப்பளம் சொல்ற பாடம்: தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். தொட்டியிலும் அப்படித்தான். ஃபில்டர் தண்ணீரைத் தெளிவாக்கும். நைட்ரேட் கரைஞ்சு உள்ளேயே இருக்கும். குறைஞ்ச தண்ணீரை ஊற்றினா மட்டும் போதாது. வாரம் நாலில் ஒரு பங்கை எடுத்துட்டுப் புதுத் தண்ணீர் விடுங்க. எவ்வளவு விலை ஃபில்டரும் அந்த வேலையைச் செய்யாது.

கணக்கு போட்ட பிறகு வாங்குங்க. அடுத்த வீடியோவில் பார்க்கலாம்!