மூளையில் ஒரு புடைப்பு! உயிர் காக்கும் வலைக்குழாய்

சைக்கிள் டியூபில் ஓர் இடம் நைந்து போனால், காற்று அடிக்கும்போது அந்த இடம் புடைத்துக்கொள்ளும். மூளையின் ரத்தக் குழாயிலும் சிலருக்கு இப்படிப் புடைப்பு உண்டாகிறது. அதற்கு "அனியூரிசம்" என்று பெயர்.

பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் வெடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து!

வெள்ளிக் கவ்வி

1937-ம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், வால்டர் டாண்டி என்ற டாக்டர் ஒரு நோயாளியின் மண்டையைத் திறந்தார். புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியைப் போட்டு இறுக்கினார். நோயாளி பிழைத்தார்.

மண்டையைத் திறக்காமல்!

1990-ல் இத்தாலிய டாக்டர் குக்லியெல்மி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் புது வழி கண்டார். தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய குழல் மூளை வரை சென்றது. மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பி, புடைப்புக்குள் சுருள் சுருளாக நிரம்பியது. உள்ளே ரத்தம் உறைந்தது. புடைப்பு அடைபட்டது.

வாய் அகலமாக இருந்தால்?

செம்புக்குள் போட்ட நூல் உள்ளேயே நிற்கும். தட்டில் போட்டால் நழுவி விழும் அல்லவா? அதுபோல, புடைப்பின் வாய் 4 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால், சுருள் வெளியே நழுவலாம். நல்ல குழாயை அடைத்துப் பக்கவாதத்தை உண்டாக்கலாம்.

இதற்குத்தான் "ஸ்டென்ட்" என்ற வலைக்குழாய். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தால் ஆனது. குழலுக்குள் ஒடுங்கிச் செல்லும்; உரிய இடத்தில் வெளியே வந்ததும் தானாக விரியும். புடைப்பின் வாய்க்குக் குறுக்கே வேலிபோல் நின்று, சுருளை உள்ளேயே நிறுத்தும். ரத்தமோ வழக்கம்போல் குழாயில் ஓடும்!

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வலையில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது. அதற்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் தருகிறார்கள். "உடம்பு நன்றாகிவிட்டதே" என்று அவற்றை நாமாக நிறுத்தினால் ஆபத்து. டாக்டர் சொன்னால்தான் நிறுத்த வேண்டும்.

எல்லாப் புடைப்புக்கும் சிகிச்சை தேவைப்படாது. சிறியதாக இருந்தால், அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்தாலே போதும் என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. ஆனால் புகை பிடிப்பதை விட வேண்டும். ரத்தக் கொதிப்பை அடக்கி வைக்க வேண்டும்.

இதை மறவாதீர்கள்

இடி விழுந்தாற்போல் திடீரென்று, இதுவரை கண்டிராத தலைவலி வருகிறதா? கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் வருகிறதா? தைலம் தடவிப் படுத்துவிடாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குச் சமம்!