கூலியும் கணக்கும் – 11: நண்பனின் காருக்கு என்ன விலை?

“எவ்வளவு மாப்ள ஆகும்?” என்று நண்பன் கேட்டால், கைத்தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், “அட விடு, பார்த்துக்கலாம்.” அந்தப் பதிலில் அன்பு இருக்கிறது, விலை இல்லை. வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும் நேரத்தில் விலை தேவைப்படுகிறது. அப்போது வாங்க வேண்டியவருக்குக் கேட்க நா எழுவதில்லை. கொடுக்க வேண்டியவருக்குத் தொகை தெரிவதில்லை.

தையற்கூலி பற்றிப் போன வாரம் எழுதியபோது, வேண்டியவர்களிடம் கூலி கேட்பதைத் தனியாகப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். அதற்காக நான் எடுத்துக்கொண்ட தொழில், கார் டீடெய்லிங். மெக்கானிக் ஒரு பாகத்தை மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் கொடுத்துக் காட்டலாம். பெயின்ட்டில் விழுந்த கீறலை எடுப்பவரிடம் அப்படிக் காட்ட எதுவும் இல்லை. எடுத்த கீறல் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அதன் பின்னால் உள்ள உழைப்பைத் தெரியாதவர், “நல்லா கழுவியிருக்கான்” என்றுதான் நினைப்பார்.

கோவை சத்தி ரோட்டுப் பக்கம் இப்படி ஒரு கடை நடத்தும் தம்பிக்கு அதுதான் நடந்தது. கூடப் படித்த நண்பன் தன் கறுப்பு நிற செடான் காரைக் கொண்டுவந்து விட்டான். தங்கை கல்யாணத்துக்குள் பளிச்சென்று ஆக வேண்டும். தம்பியும் உதவியாளரும் இரண்டு நாள் அந்தக் காரிலேயே கிடந்தார்கள். முடிவில், “உனக்குத் தோணுறதைக் குடு மாப்ள” என்றார் தம்பி. நண்பன் ஜிபேயில் 2,000 ரூபாய் அனுப்பினான். வாட்டர் வாஷுக்கு ஐந்நூறு, அறுநூறு கொடுத்துப் பழகியவனுக்கு அது தாராளமான தொகை. தம்பிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

“அவன் மேல தப்பே இல்லீங்ணா. நான்தான் விலையே சொல்லலியே” என்றார் என்னிடம்.

அந்த வேலைக்கு நியாயமான விலை என்ன? அதில் நண்பனுக்காக எவ்வளவு விடலாம்? இந்த வாரம் அதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

இரண்டு நாள் அப்படி என்ன வேலை?

அந்தக் கறுப்புக் காரைத் தினமும் துடைத்தவர் அபார்ட்மென்ட்டில் வண்டி கழுவுகிறவர். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பத்துக் கார்கள். முதல் காரில் எடுத்த மண் அடுத்தடுத்த கார்களில் தேய்கிறது. அதனால் விழும் மெல்லிய வட்டக் கீறல்கள் நிழலில் தெரியாது. வெயிலிலோ லைட் வெளிச்சத்திலோ நிறுத்தினால் பானெட் முழுக்கத் தெரியும். கறுப்பு நிறத்தில் இன்னும் மோசமாகத் தெரியும். போர்வெல் தண்ணீர் காய்ந்து விட்டுப்போகும் உப்புத் திட்டுகளும், பறவை எச்சம் அரித்த தடங்களும் சேர்ந்துகொள்ளும்.

இதைச் சரிசெய்ய முதல் வேலை, கழுவுவது. இங்கே ஒன்றுக்கு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் கையுறையை அலசச் சுத்தமான தண்ணீர். பிறகு இரும்புத் துகளைக் கரைக்கும் ரசாயனம் அடிப்பார்கள். பிரேக்கிலிருந்து தெறித்து ஒட்டிய துகள்கள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். அதற்கும் போகாத அழுக்கைக் களிமண் பதத்தில் உள்ள கிளே பாரால் உருட்டி எடுக்க வேண்டும். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பே இருக்கக் கூடாது.

அடுத்து ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் ஓரங்கள், லோகோ எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைப்பார்கள். பிறகுதான் மெஷின் கைக்கு வரும். முதல் சுற்று காம்பவுண்ட் வைத்து கட்டிங். இரண்டாம் சுற்று மெல்லிய பாலிஷ். ஒரு சமயத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடம்தான். மெஷினைக் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக ஓட்டி, துணியால் துடைத்து, லைட் அடித்துப் பார்த்து, திருப்தி வந்த பிறகே பக்கத்துக்கு நகர வேண்டும். கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுத்து மேலே வேக்ஸோ சீலன்ட்டோ பூசுவார்கள்.

எடுத்தது திரும்ப வராது

விலை பேசுமுன் நண்பர்கள் இருவரும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து வரும் காரில் துருத்தடுப்புப் படலம், பிரைமர், நிறம், அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று எல்லா அடுக்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கலந்திருப்பது அதில்தான்.

பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பதுதான் அந்த வேலை. ஒவ்வொரு கட்டிங்கிலும் சில மைக்ரான் போகும். போனது போனதுதான். நகத்தால் வருடினால் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலை எடுக்கப் போனால் கிளியர் கோட்டே தீர்ந்துவிடும். நேர்மையான வேலைக்காரர் அதை அப்படியே விடச் சொல்வார்.

அதனால்தான் கனம் பார்க்கும் மீட்டர் வைத்துப் பேனல் பேனலாக அளக்கிறார்கள். அந்தக் கறுப்புக் காரில் பானெட் 118 காட்டியது. பின்பக்க வலது கதவு 300-ஐத் தாண்டியது. எப்போதோ டிங்கரிங் செய்து மறுபடி பெயின்ட் அடித்த கதவு அது. பட்டி அதிகமாகப் போட்டிருந்தால் எண் இன்னும் மேலே போகும். அங்கே மெஷினை வேறு பக்குவத்தில் ஓட்ட வேண்டும். பேனலின் விளிம்புகளில் பெயின்ட் மெலிந்திருக்கும் என்பதால் அங்கே கை இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் அடி நிறம் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பேனலுக்கு முழு பெயின்ட்தான்.

நண்பன் விலை என்று சொல்லி அவசரமாகச் செய்யும் வேலையின் ஆபத்து இதில்தான் இருக்கிறது. அளக்காமல், டேப் ஒட்டாமல், மூன்று மணி நேரத்தில் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாலும் அன்றைக்குப் பளபளக்கும். காசு மிச்சம் என்று நண்பன் சந்தோஷமாகப் போவான். ஆனால் விலையில் குறைத்ததை அவன் காரின் கிளியர் கோட்டிலிருந்து எடுத்திருப்போம்.

தாளில் எழுதிய கணக்கு

தம்பியும் நானும் உட்கார்ந்து அவர் கடைக் கணக்கைத் தாளில் எழுதினோம். கடைக்குக் கடை தொகை மாறும்; முறை எல்லோருக்கும் பொருந்தும்.

கடை வாடகை 18,000. கரன்ட் 4,000. மெஷின் தேய்மானம், ரிப்பேர் என்று 3,000. ஆக மாதம் 25,000. வேலை நடப்பது 25 நாள் என்றால், ஷட்டரைத் தூக்கினாலே நாளுக்கு 1,000 ரூபாய் செலவு. உதவியாளருக்கு நாள் சம்பளம் 800. அந்தக் காருக்கான காம்பவுண்ட், பாலிஷ், கிளே, டேப், பேட் தேய்மானம், துணி, வேக்ஸ் எல்லாம் சேர்த்து 1,100.

இரண்டு நாள் வேலைக்குக் கடைச் செலவு 2,000, உதவியாளர் 1,600, மெட்டீரியல் 1,100. மொத்தம் 4,700. இது கையை விட்டுப் போகும் பணம். தம்பியின் சொந்தக் கூலி நாளுக்கு 1,500 என்று வைத்தால் 3,000. ஆக 7,700. அதன்மேல் 1,300 லாபம் வைத்து வெளியாளிடம் அவர் வாங்குவது 9,000.

நண்பன் கொடுத்தது 2,000. அதாவது இரண்டு நாள் உழைத்த தம்பி, தன் கூலியை இழந்ததுடன் 2,700 ரூபாய் கைக்காசையும் போட்டிருக்கிறார். நண்பனுக்கு இது தெரிந்திருந்தால் அவனே கூசிப்போயிருப்பான்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

நண்பனுக்குக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குறைக்கலாம், குறைக்கத்தான் வேண்டும். திருக்குறளில் பழைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நெடுநாள் நண்பர் உரிமையோடு நடந்துகொள்வதைப் பொறுப்பதும் விரும்புவதும் நட்பின் இயல்பு என்கிறது. உரிமை இல்லாத நட்பில் என்ன இருக்கிறது? ஆனால் அந்த உரிமை செல்லுபடியாகும் இடம் நம் சொந்தப் பங்கு மட்டும்தான்.

தாளைத் திரும்பப் பாருங்கள். 1,300 லாபம் தம்பியுடையது. 3,000 கூலியும் அவருடையது. இந்த 4,300-ல் எவ்வளவு வேண்டுமானாலும் அவர் மனதார விடலாம். லாபம் மட்டும் வேண்டாம் என்றால் 7,700. கூலியை மட்டும் விட்டால் 6,000. இரண்டையும் விட்டால் 4,700. பழகிய அளவுக்கு ஏற்ப இந்தப் படிகளில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

4,700-க்குக் கீழே இறங்கினால் அது வேறு யாருடைய பணமோ ஆகிவிடுகிறது. உதவியாளருக்கு அந்தக் கார்க்காரர் நண்பர் இல்லை. கட்டிட உரிமையாளருக்கும் மெட்டீரியல் கடைக்காரருக்கும் நண்பர் இல்லை. “எனக்கு வேண்டியவன், நீயும் கொஞ்சம் பாத்துக்க” என்று உதவியாளரின் சம்பளத்தில் கை வைப்பது பெருந்தன்மை ஆகாது. அதற்கும் கீழே கொடுக்க ஆசையிருந்தால், அதைக் கல்யாண மொய் என்றே நினைத்து வீட்டுக் காசிலிருந்து கடைக்குக் கட்டிவிட வேண்டும். கடைக் கணக்கு நேராக நிற்கும்.

நண்பனிடம் அவ்வளவு பணம் இல்லையா? வேலையைக் குறைக்கலாம், அவனிடம் சொல்லிவிட்டு. இரண்டு சுற்றுக்குப் பதில் ஒரே சுற்று பாலிஷ் போட்டால் ஒரு நாளில் முடியும். மெல்லிய கீறல்களில் பெரும்பகுதி போகும், ஆழமானவை நிற்கும். கடைச் செலவு, உதவியாளர், கொஞ்சம் மெட்டீரியல் என்று 2,500-க்குள் அடங்கும். வேலை இல்லாத மந்தமான நாளில் வரச் சொல்லலாம். நண்பன் எலக்ட்ரீஷியனாகவோ கணக்கு எழுதுபவனாகவோ இருந்தால் வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் இரண்டு வேலைக்கும் தொகையைப் பேசிக்கொண்டு மாற்றுவது நல்லது. அவனுக்குச் சொல்லாமல் சுற்றைக் குறைப்பது மட்டும் கூடவே கூடாது.

சாவி வாங்கும்போதே சொல்லுங்கள்

காரை லைட் அடித்துப் பார்த்துவிட்டு, சாவி கைக்கு வரும்போதே சொல்ல வேண்டும். “மாப்ள, இந்த வேலைக்கு ஒம்பதாயிரம் ஆகும். உனக்கு என் கூலி வேண்டாம். ஆறாயிரம் குடு. ரெண்டு நாள் வண்டி இங்கயே நிக்கணும்.” இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஒத்துவந்தால் வேலை. ஒத்துவராவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டுப் போகட்டும், நட்பு அப்படியே இருக்கும்.

பில்லிலும் அதேபோல எழுதுங்கள்: வேலை 9,000, தள்ளுபடி 3,000, மொத்தம் 6,000. ஜிஎஸ்டி பதிவு செய்த கடையென்றால் இந்த வேலைக்கு வரி 18 சதவீதம். வேலை முடிந்து கொடுக்கும்போதே தள்ளுபடியைப் பில்லில் காட்டிவிட்டால், தள்ளுபடி போக மீதித் தொகைக்குத்தான் வரி. வரியைத் தாண்டியும் லாபம் உண்டு. நண்பன் நாளைக்கு ஆபீசில், “ஆறாயிரம்தான் ஆச்சு, என் பேரைச் சொல்லிப் போங்க” என்று நாலு பேரை அனுப்பினால், உண்மையான விலை அவன் கையில் உள்ள தாளிலேயே இருக்கும்.

விலை வாங்கினால் நண்பனுக்கும் ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. இலவசமாகச் செய்த வேலையில் குறை இருந்தால் அவன் எந்த வாயால் கேட்பான்? கதவோரத்தில் பாலிஷ் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தாலும் பேசாமல் போவான். காசு கொடுத்தவன், “டேய், இங்க பாரு, இதைத் துடைச்சுக் குடு” என்பான். காசு வராத காரைக் கடைக்காரரும் ஓரமாகத் தள்ளி, காசு வரும் காரை முன்னால் நிறுத்துவார். கல்யாணத் தேதி நெருங்கும்போது இருவருக்கும் மனக்கசப்புதான் வரும்.

நண்பராகக் கடைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “வெளியாளுக்கு எவ்வளவு வாங்குவ?” என்று முதலில் கேளுங்கள். அந்தத் தொகையைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் குறைத்தால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவராகக் குறைக்காவிட்டால் முழுத்தொகையைக் கொடுங்கள். தொழில் தொடங்கிய நண்பனுக்கு முதல் வருடத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, பேரம் பேசாத ஒரு வாடிக்கையாளராக இருப்பதுதான்.

கைத்தொழில் செய்யும் வாசகர்கள் இந்த வாரமே ஒரு தாளை எடுத்துத் தங்கள் கணக்கை எழுதுங்கள்: கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு, சொந்தக் கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு. மூன்றும் தனித்தனியாகத் தெரிந்துவிட்டால், நண்பன் வந்து நிற்கும்போது தயங்க வேண்டியதில்லை. கொடுப்பது எவ்வளவு என்று தெரிந்தே, மனம் நிறைந்து கொடுக்கலாம்.

*அடுத்த வாரம்: முன்பணம் வாங்குவது எப்போது, எவ்வளவு?*

(தொடரும்)